நக்கலுக்கு முன்னால் இரண்டாவது பத்தி

செய்தித் தலைப்பை மேலே போட்டு, அதற்குக் கீழே ஒரே வரியில் நறுக்கென்று ஒரு கமென்ட் அடிப்பது தமிழில் வெகுநாளாகச் செல்வாக்கோடு இருக்கும் எழுத்து. டீக்கடையில் பேப்பரை உரக்கப் படிக்கிறவரும் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறவரும் சேர்ந்து வளர்த்த கலை இது. தணிக்கை அறிக்கை பத்துப் பக்கம் எழுதியும் உறைக்காத விஷயத்தை ஒரு நல்ல நக்கல் உறைக்க வைத்துவிடும். ஆகவே இதை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

இன்று கண்ணில் படும் பெரும்பாலான நக்கல்கள் தலைப்பில் இருக்கும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. அந்தச் சொல்லை வைத்தவர் அமைச்சரும் இல்லை, நீதிபதியும் இல்லை. டெஸ்கில் உட்கார்ந்திருக்கும் உதவி ஆசிரியர்தான் வைத்தார். அடி அவர் மேல் விழுகிறது, செய்திக்கு உரியவர் தப்பித்துக்கொள்கிறார். நக்கல் உரிய இடத்தில் விழ வேண்டுமென்றால், தலைப்பு எதை விட்டுவிட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். விட்டுப்போனது பெரும்பாலும் இரண்டாவது பத்தியில் இருக்கும்.

தலைப்பு எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இது புரிந்துவிடும். செய்தியை எழுதிய நிருபர் பெரும்பாலும் தலைப்பு வைப்பதில்லை. செய்தித்தாளில் இரண்டு காலம் (column) அகலம், இரண்டு வரி, வரிக்கு மூன்று நான்கு சொல் என்று இடம் குறிக்கப்பட்டு வரும். அதற்குள் அடக்க வேண்டும் என்றால் வினைமுற்று போய்விடும். 'உயர்வு', 'ஒப்புதல்', 'முடிவு', 'கைது', 'திட்டம்' என்று பெயர்ச்சொல்லாக நிற்கும். அதோடு வினையின் காலமும், வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதும் மறைந்துவிடுகின்றன. 'சாலை விரிவாக்கத்துக்கு ஒப்புதல்' என்றால் நடந்துவிட்டதா, நடக்கப்போகிறதா, யாரோ கேட்டிருக்கிறார்களா, எதுவும் தெரியாது. அடுத்துப் போவது யார் சொன்னது என்ற தகவல். அதற்கடுத்து அளவை: ஓராண்டுக்கா ஐந்தாண்டுக்கா, ஒரு கிராமுக்கா ஒரு சவரனுக்கா, கடந்த மாதத்தோடு ஒப்பிட்டா கடந்த ஆண்டோடு ஒப்பிட்டா. எந்தத் தலைப்பை எடுத்தாலும் கட்டம், சொன்னவர், அளவை என்ற இந்த மூன்றில் ஒன்றாவது விடுபட்டிருக்கும். இணையத் தலைப்பில் இன்னொரு தொல்லை. 'எவ்வளவு தெரியுமா?', 'வெளியான பரபரப்பு தகவல்' என்று விடையை வேண்டுமென்றே பிடுங்கி வைத்திருப்பார்கள். அதைக் கிண்டல் செய்து பயனில்லை, ஏனென்றால் அதைப் பகிர்வதே அவர்களுக்கு வேண்டியது.

ஆடி மாதத்தில் நாள்தோறும் வரும் அணைச் செய்தியைப் பாருங்கள். 'மேட்டூர் அணை நீர்மட்டம் 60 அடி' என்று வந்தால், 'பாதி அணை நிரம்பிடுச்சு, அப்புறம் என்ன அழுகை' என்று ஒருவர் எழுதுவார். மேட்டூரின் முழு உயரம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (நீரின் கொள்ளளவைச் சொல்லும் அலகு). ஆனால் 60 அடியில் இருப்பது சுமார் 25 டி.எம்.சி. தான், அதாவது கால்வாசியைச் சற்றுத் தாண்டும். அணைக்குப் பின்னால் இருப்பது பள்ளத்தாக்கு. அடியில் குறுகி, மேலே போகப் போக அகலும். 100 அடியில் ஏறத்தாழ 65 டி.எம்.சி. வந்துவிடும். மிச்சமுள்ள 20 அடிக்குள் மட்டும் 28 டி.எம்.சி.க்கு மேல் கொள்ளும். கீழ்மட்டத்தில் ஓரடி ஏறுவதும் மேல்மட்டத்தில் ஓரடி ஏறுவதும் ஒன்றில்லை. அடிக்கணக்கை வைத்து அடித்த கிண்டல் டெல்டா விவசாயி முன்னால் நிற்காது. அவருக்கு டி.எம்.சி. கணக்கு விரல் நுனியில் இருக்கும்.

கனஅடிக்கும் அதே கதி. 'கர்நாடகம் 10,000 கனஅடி நீர் திறப்பு' என்ற தலைப்பு பெரிய வள்ளன்மைபோலத் தெரியும். வினாடிக்கு 10,000 கன அடி என்பதுதான் அதன் பொருள். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஒரு நாளில் 86,400 வினாடி. ஆக, வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் ஒரு டி.எம்.சி. சேரும். 10,000 கன அடி என்றால் நாளொன்றுக்கு 0.86 டி.எம்.சி. உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரித் தீர்ப்புப்படி ஓராண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டியது 177.25 டி.எம்.சி. அது மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படுகிறது. மாதவாரியாகப் பார்த்தால் ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76. ஆகஸ்டுக்குரிய தண்ணீர் முழுதும் வர வேண்டுமானால் 31 நாளும் சராசரியாக 17,000 கன அடிக்கு மேல் ஓடியாக வேண்டும். இந்த ஒரு வகுத்தலைப் போட்டுவிட்டு எழுதும் ஒரு வரி, 'தண்ணி காட்டுறாங்க' என்று அடிக்கும் வழக்கமான நக்கலைவிடப் பல மடங்கு உறைக்கும்.

அதே செய்தியில் எந்த இடத்தில் திறந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். கர்நாடக அணைகளான கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறந்த அளவு ஒன்று, எல்லையில் பிலிகுண்டுலுவில் அளந்தது இன்னொன்று, மேட்டூருக்கு வந்து சேர்ந்தது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே நாள் தலைப்பில் கலந்து எழுதுவதுண்டு. அணை நிரம்பி வழியும்போது விடும் உபரிநீரையும், பற்றாக்குறைக் காலத்தில் பங்கீட்டுக்காக விடும் நீரையும் ஒரே சொல்லில் 'திறப்பு' என்றே போடுவார்கள். எந்த நீர் என்று பார்க்காமல் பாராட்டினாலும் தவறு, திட்டினாலும் தவறு.

அரசு அறிவிப்புகள்தான் நக்கல் எழுதுகிறவர்களின் தினசரிச் சாப்பாடு. இங்கே விடுபடுவது கட்டம். சட்டமன்றத்தில் ஒரு திட்டம் அறிவிக்கப்படுகிறது. 110-ஆவது விதியின் கீழ் முதல்வர் படிக்கும் அறிக்கையாக இருந்தால் அதன் மீது அப்போது விவாதம் கிடையாது. அறிவிப்புக்குப் பிறகு துறை கருத்துரு அனுப்ப வேண்டும், நிதித்துறை பார்க்க வேண்டும், நிர்வாக ஒப்புதலோடு அரசாணை வர வேண்டும். பொறியாளர்கள் மதிப்பீடு போட்டுத் தொழில்நுட்ப ஒப்புதல் வாங்க வேண்டும். நிலம் வேண்டுமென்றால் கையகப்படுத்தல் தனி. பிறகு டெண்டர், அதைப் பிரித்துப் பார்த்து முடிவெடுத்தல், பணி ஆணை, பூமி பூஜை. இந்த ஒவ்வொரு படிக்கும் ஒரு தலைப்பு வரும். படிக்கிறவருக்கு எல்லாமே 'ஆஸ்பத்திரி வருகிறது' என்றுதான் கேட்கும். மதுரை எய்ம்ஸ் இதற்குத் தெளிவான சாட்சி. தமிழ்நாட்டுக்கு ஒரு எய்ம்ஸ் என்பது 2015 மத்திய பட்ஜெட்டில் அறிவிப்பு. 2018 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல். 2019 ஜனவரியில் அடிக்கல். 2021-இல் ஜப்பான் அரசின் கடனுதவி அமைப்பான ஜைக்காவோடு கடன் ஒப்பந்தம். 2022-இல் முதல் மாணவர்கள் சேர்ந்தபோது வகுப்பு நடந்தது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில். இந்த ஐந்து தலைப்பில் எதுவும் பொய்யில்லை. ஐந்தையும் தேதியோடு வரிசையாக அடுக்கினாலே போதும், மேற்கொண்டு நக்கல் தேவைப்படாது.

ஆகவே அறிவிப்பு எதைப் பார்த்தாலும் கேட்க வேண்டியது அரசாணை எண். எண்ணும் தேதியும் இருந்தால் துறையின் இணையதளத்தில் தேடலாம். அதில் மொத்த மதிப்பு எவ்வளவு, இந்த ஆண்டுக்கு விடுவித்தது எவ்வளவு, எந்தச் செலவுக் கணக்கிலிருந்து என்று மூன்றும் இருக்கும். 'ரூ.1,000 கோடியில் திட்டம்' என்று தலைப்பு வந்து, உள்ளே ஐந்தாண்டுக்கு என்று இருந்தால் ஆண்டுக்கு 200 கோடி. அதிலும் முதல் ஆண்டுக்கு விட்டது இன்னும் சொற்பமாக இருக்கலாம். பட்ஜெட் ஒதுக்கீட்டுக்கும் இப்படித்தான். பட்ஜெட் ஆவணத்தில் அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, அதற்கு முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு என்று தனித்தனி நெடுவரிசைகள் இருக்கும். தலைப்பில் வருவது மதிப்பீடு மட்டும். போன முறை இவ்வளவு ஒதுக்கினார்களே, செலவழித்தது எவ்வளவு என்று திருத்திய மதிப்பீட்டையும் கணக்கையும் புரட்டிப் பார்க்கிறவர் எழுதும் வரிக்கு எந்தக் கட்சிக்காரராலும் எளிதில் பதில் சொல்ல முடியாது.

முதலீட்டாளர் மாநாடுகளில் விடுபடுவதும் கட்டமே. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த மாநாட்டில் சுமார் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. புரிந்துணர்வு ஒப்பந்தம் பொதுவாகச் சட்டப்படி முதலீட்டாளரைக் கட்டாது. வருகிறேன் என்ற விருப்பம், அவ்வளவுதான். அதற்காக 'எல்லாம் வெறும் பேப்பர்' என்று எழுதுவதும் சோம்பேறித்தனம். நிலம் ஒதுக்கியாயிற்றா, சலுகைத் தொகுப்புக்கு அரசாணை வந்ததா, சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்ததா, உற்பத்தி தொடங்கியதா என்று நான்கு படிகள் இருக்கின்றன. எந்த நிறுவனம் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துப் பேர் சொல்லி எழுதினால் அது விமர்சனம். மொத்தத் தொகையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதில் ஒன்றும் இல்லை.

மசோதாக்களிலும் இதே குழப்பம். 'சட்டம் நிறைவேறியது' என்று போடுவார்கள், நிறைவேறியது மசோதா. ஆளுநரோ குடியரசுத் தலைவரோ ஒப்புதல் தந்து அரசிதழில் வந்த பிறகே அது சட்டம். அதன் பிறகும் 'நடைமுறைக்கு வரும் நாள் தனியே அறிவிக்கப்படும்' என்று ஒரு பிரிவு உள்ளே உட்கார்ந்திருக்கலாம். நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பரில் பேரவையில் நிறைவேறியது. 2022 பிப்ரவரியில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். அதே மாதம் பேரவை மீண்டும் நிறைவேற்றி அனுப்பியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் பேரவையில் அறிவிக்கப்பட்டது. இத்தனை தலைப்புகளுக்கும் நடுவில் தேர்வு எழுதும் மாணவருக்கு எதுவும் மாறவில்லை. இந்த விஷயத்தில் யாரைக் கேலி செய்வது என்று முடிவெடுப்பதற்கு முன், எந்தத் தேதியில் கோப்பு யார் மேசையில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது.

நீதிமன்றச் செய்திகளில்தான் நக்கல் மிக மோசமாகத் தவறிப் போகிறது. 'உயர் நீதிமன்றம் சரமாரிக் கேள்வி', 'நீதிபதிகள் கண்டனம்', 'அதிரடி' என்றெல்லாம் வருபவை பெரும்பாலும் விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகச் சொன்னவை. வாதத்தைச் சோதிப்பதற்காக நீதிபதி எதிர்க்கேள்வி கேட்பார். இரு தரப்பையும் கேட்பார். அது உத்தரவில் ஏறாவிட்டால் யாரையும் கட்டுப்படுத்தாது. காலையில் 'அரசுக்குக் குட்டு' என்று எழுதிக் கொண்டாடியவர்கள், சாயங்காலம் அதே வழக்கில் அரசுக்குச் சாதகமாக உத்தரவு வந்ததும் நீதிபதியை விலைபேசியதாக எழுதுகிறார்கள். இரண்டுமே உத்தரவைப் படிக்காததால் வந்த கேடு. உயர் நீதிமன்ற இணையதளத்தில் வழக்கு எண்ணைப் போட்டால் அன்றாட உத்தரவு கிடைக்கும். பெரும்பாலும் ஓரிரண்டு பக்கம். கடைசிப் பத்தியைப் படித்தால் நீதிமன்றம் என்ன சொன்னது என்று தெரிந்துவிடும்.

'நோட்டீஸ்' என்றால் பதில் சொல் என்று எதிர்தரப்புக்கு அனுப்பும் அறிவிப்பு. மனு வென்றுவிட்டதாக அர்த்தமில்லை. 'இடைக்காலத் தடை' என்றால் அடுத்த தேதி வரைக்குமோ, மறு உத்தரவு வரைக்குமோ நிறுத்தி வைப்பது. தேதியைப் பார்க்க வேண்டும். 'முடித்துவைப்பு' என்றால் பெரும்பாலும் கேட்டது கிடைத்துவிட்டது, அல்லது அரசு உறுதியளித்துவிட்டது, அல்லது மனுவுக்கே இனி வேலையில்லை. 'வாபஸ் பெற்றதால் தள்ளுபடி' வேறு, வாதம் கேட்டுத் தள்ளுபடி செய்வது வேறு. இன்னும் நுட்பமான ஒன்று: உச்ச நீதிமன்றம் சிறப்பு அனுமதி மனுவை (மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்கும் மனு) எடுத்த எடுப்பிலேயே காரணம் சொல்லாமல் தள்ளுபடி செய்தால், உயர் நீதிமன்றத் தீர்ப்பைச் 'சரியென்று உறுதிசெய்தது' என்று எழுதக் கூடாது. மேல்முறையீட்டுக்கு எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் அதன் பொருள். 2000-ஆம் ஆண்டு குன்ஹயம்மது எதிர் கேரள அரசு வழக்கில் உச்ச நீதிமன்றமே இதை விளக்கியிருக்கிறது. 'உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு' என்று தொடங்கும் நக்கல்களில் பல இந்த இடத்தில் தடுக்கி விழுகின்றன.

ஜாமீனையும் விடுதலையையும் குழப்புவது இன்னும் கேடு. ஜாமீன் கிடைத்தவர் நிரபராதி என்று யாரும் சொல்லவில்லை. கைதானவர் குற்றவாளி என்றும் யாரும் சொல்லவில்லை. குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது கைதானவரின் உரிமை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 187-ஆவது பிரிவு. அப்படி ஜாமீன் கிடைத்த வழக்கில் நீதிபதியைத் திட்டிப் பயனில்லை. நாள் கணக்கைத் தவறவிட்டது காவல் துறை. நக்கல் போய்ச் சேர வேண்டிய முகவரி அது.

மழைச் செய்தி சுருக்கமானது, ஆனால் தவறு அதிகம். 'ரெட் அலர்ட் விட்டாங்க, எங்க தெருவுல தூறல்கூட இல்ல' என்ற கிண்டல் ஒவ்வொரு ஐப்பசிக்கும் வரும். எச்சரிக்கை மாவட்டத்துக்கு விடுவது; 'ஓரிரு இடங்களில்' என்று அறிக்கையில் இருந்தால், அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்பங்குக்கு மேல் போகாது என்று பொருள். 'கனமழை' என்பது 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை, 'மிக கனமழை' 204.4 வரை, அதற்கு மேல் 'அதி கனமழை'. அந்த 24 மணி நேரமும் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. நேற்று பகலெல்லாம் கொட்டிய மழை இன்றைய தேதியில்தான் கணக்கில் வரும். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. அப்படி ஒரு நாளைப் பார்த்த மாநிலத்தில் எச்சரிக்கையையே கேலிப்பொருளாக்குவது ஆபத்து. அடுத்த முறை உண்மையான எச்சரிக்கை வரும்போது கேட்பதற்கு ஆளிருக்காது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: எச்சரிக்கை எத்தனை மணிக்கு வந்தது, கலெக்டர் அலுவலகம் விடுமுறை அறிவித்தது எத்தனை மணிக்கு, ஏரி மதகைத் திறந்தது எத்தனை மணிக்கு. மூன்று நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே யார் தாமதம் என்று தெரிந்துவிடும்.

பணம் சம்பந்தப்பட்ட தலைப்புகளில் விடுபடுவது அளவை. 'ரெப்போ வட்டி 0.25 சதவீதம் குறைப்பு. வீட்டுக் கடன்காரர்களுக்கு ஜாக்பாட்' என்று வரும். ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டி. 30 லட்சம் ரூபாய்க் கடன், 20 ஆண்டு, வட்டி 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். 8.25 ஆனால் சுமார் 25,562. ஜாக்பாட்டின் அளவு மாதம் 473 ரூபாய். அதுவும் தானாகத் தவணையில் குறையும் என்று சொல்ல முடியாது. பல வங்கிகள் தவணையை அப்படியே வைத்துக்கொண்டு மாதங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கியில் மாறும் வட்டிக்கு வாங்கிய வீட்டுக் கடன் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியை மாற்றியாக வேண்டும். அதற்கு முந்தைய பழைய முறைக் கடன்களில் குறைப்பு ஆமை வேகத்தில்தான் வந்து சேரும். நக்கல் அடிக்க வேண்டிய இடம் இதுதான்: ஏறும்போது உடனே ஏறியது, இறங்கும்போது எத்தனை மாதம் ஆயிற்று என்று.

'பணவீக்கம் குறைந்தது' என்ற தலைப்புக்குக் கீழே 'எங்க குறைஞ்சது, தக்காளி விலை என்னாச்சு' என்று எழுதுவார்கள். பணவீக்கம் 6 சதவீதத்திலிருந்து 4 ஆனால் விலை இறங்காது. 100 ரூபாய்ப் பொருள் முதலாண்டு 106 ஆகியிருக்கும், அடுத்த ஆண்டு 110 ரூபாய் 24 காசு ஆகும். ஏற்றத்தின் வேகம்தான் குறைந்தது. இதைத் தெரியாமல் கிண்டலடித்தால் புள்ளியியல் தெரிந்த எவரும் ஒரு வரியில் வாயடைத்துவிடுவார். தெரிந்து எழுதினால், சம்பளம் அந்த இரண்டாண்டில் பத்து சதவீதம் ஏறியதா என்று திருப்பிக் கேட்கலாம்.

தங்கம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தலைப்பில் வரும் சவரன் விலை எட்டு கிராம் 22 காரட் தங்கத்துக்கு மட்டும். செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. அதில் இல்லை. சவரன் ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டு, செய்கூலி சேதாரம் சேர்த்து 12 சதவீதம், அதன் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. போட்டால் பில் 1,15,360 ரூபாய். 'சவரனுக்கு 80 ரூபாய் குறைவு' என்ற தலைப்பைப் பார்த்துக் கடைக்கு ஓடுகிறவரைக் கேலி செய்ய வேண்டாம். அந்த எண்பதைப் பெரிய எழுத்தில் போட்டு, பதினைந்தாயிரத்தைப் பற்றி வாய் திறக்காத பத்திரிகையைக் கேட்கலாம்.

தேர்தல் காலத்தில் கருத்துக்கணிப்பு வரும். 10,000 பேரைக் கேட்டோம் என்றால் பெரிய எண்ணாகத் தோன்றும். தமிழ்நாட்டில் 234 தொகுதி. பங்கிட்டால் தொகுதிக்கு 43 பேர்கூட முழுசாக வராது. அதை வைத்துத் தொகுதிவாரியாக வெற்றியாளரைச் சொல்வது கணக்குக்கு ஒவ்வாது. மாநில அளவில் வாக்கு சதவீதம் சொல்லலாம், அவ்வளவே. வாக்கு சதவீதத்திலிருந்து இடங்களுக்குத் தாவுவது இன்னொரு சிக்கல். 2021-இல் தி.மு.க. அணி சுமார் 45 சதவீத வாக்கில் 159 இடம், அ.தி.மு.க. அணி சுமார் 40 சதவீத வாக்கில் 75 இடம். ஆறு சதவீதத்துக்கும் குறைந்த இடைவெளி 84 இடமாகப் பெருகியது. 'அலை', 'துடைத்தெறிந்தனர்' என்ற தலைப்புகளைக் கிண்டல் செய்ய வேண்டுமானால் இந்த இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் போதும்.

மருத்துவத் தலைப்பில் பார்க்க வேண்டியவை இரண்டு. 'மருந்து கண்டுபிடிப்பு' என்றால் எலியிலா மனிதரிலா, மனிதரென்றால் முதல் கட்டச் சோதனையா மூன்றாம் கட்டமா. 'ஆபத்து 50 சதவீதம் அதிகம்' என்றால் எதிலிருந்து எதற்கு. ஆயிரத்தில் இருவர் மூவரானாலும் அது 50 சதவீதம்தான்.

எதைத் தொடக் கூடாது என்பதும் இந்தக் கலையில் சேர்த்தி. தற்கொலைச் செய்தி, விபத்தில் உயிரிழந்தவர் பெயர், பாலியல் கொடுமைக்கு ஆளானவர் ஆகிய மூன்றிலும் சொல்விளையாட்டுக்கு இடமே கிடையாது. பாலியல் கொடுமைக்கு ஆளானவரின் அடையாளம் தெரியும்படி எழுதுவது குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவின் கீழ் குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவும் சேரும். பெயரைச் சொல்லாமல் ஊர், பள்ளி, தந்தையின் தொழில் என்று அடையாளம் காட்டினாலும் இதே குற்றம்தான். பத்திரிகையே அப்படிப் போட்டிருந்தாலும் அதை எடுத்துப் போடுகிறவருக்கு அது கேடயமாகாது. 'கள்ளக்காதல்', 'உல்லாசம்' என்று போலீஸ் குறிப்பை அப்படியே தலைப்பாக்கும் வழக்கத்தைக் கண்டிக்க வேண்டும் என்றால், அந்தச் செய்தியில் வரும் பெண்ணை மறுபடி இழுக்காமல், தலைப்பு வைத்த முறையை மட்டும் எடுத்துப் பேச முடியும். பேச வேண்டும்.

கடைசியாகச் செய்முறை. தலைப்பை எடுக்கும்போது நாளும் பதிப்பும் தெரியும்படி எடுங்கள். நகரப் பதிப்பில் மாற்றிய தலைப்பு முந்தைய பதிப்பில் வேறாக இருக்கும். இணையச் செய்தியென்றால் தலைப்பைப் பிற்பாடு சத்தமில்லாமல் திருத்திவிடுவார்கள், ஆகவே எடுத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். தொலைக்காட்சி நியூஸ் கார்டு என்று சுற்றில் வரும் படத்தை அப்படியே நம்ப வேண்டாம். அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் அதே நாளில் அதே கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துரு, ஒற்று, தேதி போட்டிருக்கும் விதம் ஆகியவற்றில் போலி மாட்டிக்கொள்ளும். நீங்களே நையாண்டிக்காகக் கற்பனைத் தலைப்பு ஒன்றைச் செய்தால், 'நையாண்டி' என்ற சொல்லைப் படத்தின் ஓரத்தில் போடாமல், வெட்டி எறிய முடியாதபடி எழுத்துக்கு நடுவே போடுங்கள். ஓரத்தில் போட்டதை யாராவது நறுக்கிவிட்டால், இரண்டு நாளில் அது உண்மைச் செய்தியாகக் குடும்பக் குழுக்களில் ஓடும். அடித்த நக்கல் தவறென்று தெரிந்தால், அதை அழித்துவிட்டு நகர்வது போதாது. முதலில் எங்கே போட்டீர்களோ அங்கேயே, அதே அளவு எழுத்தில், சரியான தகவலைப் போடுங்கள்.